வாபஸ் வாங்கப்பட்ட புகார்

2022 நவம்பர் மாதம். எங்கள் குடும்பநல ஆலோசனை மையத்தின் காத்திருப்பு அறைத் தொலைக்காட்சியில், டெல்லி மெஹ்ரோலியில் கொலையுண்ட இளம்பெண்ணைப் பற்றிய செய்தி காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. காத்திருந்தவர்களில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தாய் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மகளின் கையைத் தட்டிச் சொன்னார்: "பாத்தியா கண்ணு, பெத்தவங்க பேச்சக் கேக்காமப் போனா என்ன கதியாகுதுன்னு. நாம சொந்தத்துல, சாதகம் பாத்து, நாலு பேரு அறியக் கட்டிக் குடுத்திருக்கறோம். நமக்கெல்லாம் அப்படி வராது." மகள் பதில் பேசவில்லை. துப்பட்டாவைக் கழுத்தில் இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்தார். உள்ளே வந்து, கதவைச் சாத்திய பிறகு அதை அவிழ்த்தபோது, தாடைக்குக் கீழே இடப்பக்கம் மூன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகக் கன்றிப்போன தடங்கள் தெரிந்தன. எதிரே நின்ற ஒருவரின் வலக்கை பதிந்த தடங்கள் அவை. முகூர்த்தம் குறித்து, மண்டபம் பிடித்து, ஊரே வந்து சாப்பிட்டு வாழ்த்திய திருமணம். பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

கொங்குப் பகுதியில் பதினேழு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். இங்கே நான் சொல்லும் பெண்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் அவர்கள் சொன்ன சொற்களை மாற்றவில்லை. அந்தத் தாய் கெட்டவர் அல்லர். மகளை அழைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி எங்களிடம் வந்தவர் அவர்தான். ஆனால் அந்தச் செய்தி அவருக்கு ஒரு ஆறுதலைக் கொடுத்தது. செத்துப்போன பெண் வேறு மாதிரிப் பெண், அவள் போன வழி வேறு வழி, ஆகவே தன் மகள் பத்திரமாக இருக்கிறாள் என்ற ஆறுதல். மகளின் கழுத்தில் தடம் இருக்கும்போதே ஒரு தாய்க்கு இந்த ஆறுதல் கிடைக்கிறதென்றால், அந்தச் செய்தியைச் சுற்றி நாம் எல்லோரும் சேர்ந்து பேசிய பேச்சு எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வழக்கின் விவரங்கள் பலருக்கும் தெரிந்தவைதான். மும்பையை அடுத்த வசாயைச் சேர்ந்த பெண். டேட்டிங் செயலி வழியாக அறிமுகமான ஆணுடன், திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்தார். இருவரும் வேறு வேறு மதம் என்பதால் பெண் வீட்டில் எதிர்ப்பு இருந்தது. 2022 மே மாதம் இருவரும் டெல்லிக்கு வந்தார்கள். மே 18 அன்று அந்த ஆண் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார், உடலைத் துண்டுகளாக்கிப் பல நாட்கள் ஃப்ரிட்ஜில் வைத்திருந்து காட்டுப்பகுதியில் வீசினார் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. பெண்ணின் கைபேசி நீண்ட நாட்களாக அணைந்தே கிடப்பதைச் செப்டம்பரில் ஒரு நண்பர் கவனித்துக் குடும்பத்துக்குச் சொல்ல, தந்தை போலீசை அணுக, நவம்பர் 12 அன்று அந்த ஆண் கைது செய்யப்பட்டார். 2023 ஜனவரியில் 6,629 பக்கக் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதே ஆண்டு மே மாதம் டெல்லி சாகேத் நீதிமன்றத்தில் கொலை, தடயம் மறைத்தல் ஆகிய குற்றச்சாட்டுகள் வனையப்பட்டன. மகளின் எஞ்சிய எலும்புகளைப் பெற்று இறுதிச் சடங்கு செய்யக் காத்திருந்த தந்தை, அது கைக்கு வராமலேயே 2025 பிப்ரவரியில் காலமானார். அந்தப் பெண்ணின் பெயரை நான் எழுதவில்லை. அது இப்போது பெண்பிள்ளைகளைப் பயமுறுத்தும் சொல்லாக ஆகிவிட்டது; அதை இன்னொரு முறை அப்படிப் பயன்படுத்த எனக்கு மனமில்லை.

நாடு எதைப் பேசியது என்று நினைத்துப் பார்க்கிறேன். முதலில் ஃப்ரிட்ஜையும் முப்பத்தைந்து துண்டுகளையும் பேசியது. எந்தக் கத்தி, எத்தனை லிட்டர் ஃப்ரிட்ஜ், எந்த நாளில் எந்தத் துண்டு என்று தொலைக்காட்சிகள் வாரக்கணக்கில் விளக்கின. எங்கள் ஊர்வரைக்கும் வந்து, காதலிக்கும் பெண்ணைப் பார்த்து "உன்னையும் ஃப்ரிட்ஜில வெச்சுருவான்" என்று சொல்வது வீடுகளில் சகஜமாயிற்று. அடுத்து மதம். அடுத்து, திருமணமாகாமல் சேர்ந்து வாழ்வது. மத்திய இணை அமைச்சர் ஒருவரே, படித்த பெண்கள் பெற்றோரை விட்டுவிட்டு இப்படிச் சேர்ந்து வாழப் போவதுதான் காரணம் என்ற பொருளில் பேசி, அதற்குக் கண்டனமும் எழுந்தது. நவம்பர் 28 அன்று, குற்றம்சாட்டப்பட்டவரைத் தடய அறிவியல் ஆய்வகத்திலிருந்து ஏற்றிச்சென்ற போலீஸ் வேனை வாளோடு வந்த சிலர் தாக்கினார்கள். டிசம்பர் 13 அன்று மகாராஷ்டிர அரசு, மதம் மாறியும் சாதி மாறியும் திருமணம் செய்தவர்களின் விவரங்களைத் திரட்டி, பிறந்த வீட்டோடு தொடர்பறுந்த பெண்களுக்கு உதவப்போவதாகச் சொல்லி ஒரு குழுவை அமைத்தது; எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் சாதியை விட்டுவிட்டு மதத்தை மட்டும் வைத்துக்கொண்டது. பிறந்த வீட்டோடு தொடர்பறுந்த பெண்ணுக்கு ஆபத்து கூடுதல் என்பது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு, அவள் யாரைக் கட்டினாள் என்பதைக் கணக்கெடுக்கப் போனார்கள். யாரிடம் அடிவாங்குகிறாள் என்பதைக் கணக்கெடுக்கப் போகவில்லை. என் வேலையில் இருக்கும் எவரும் இதை ஏற்க முடியாது.

இத்தனை பேச்சுக்கு நடுவில் ஒரு கடிதம் வெளியே வந்தது. இரண்டு நாள் அதைக் காட்டினார்கள், பிறகு மறந்தார்கள். 2020 நவம்பர் 23 அன்று, அதாவது கொலைக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்னால், அந்தப் பெண் தன் கைப்பட எழுதி, வசாய்ப் பகுதியில் இருக்கும் துலிஞ்ச் காவல் நிலையத்தில் கொடுத்த புகார் அது. ஆறு மாதமாக அடிக்கிறார், இன்று மூச்சைத் திணறடித்துக் கொல்லப் பார்த்தார், துண்டு துண்டாக வெட்டி வீசிவிடுவேன் என்று மிரட்டுகிறார், அடிப்பதும் கொல்ல முயன்றதும் அந்த ஆணுடைய பெற்றோருக்கும் தெரியும் என்று அதில் இருந்தது. அந்த நாட்களில் உடன் வேலை பார்த்தவருக்கு அனுப்பிய செய்தியில், முந்தைய நாள் வாங்கிய அடியில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். டிசம்பரில் முதுகுவலி, கழுத்துவலி என்று மருத்துவமனையில் இருந்திருக்கிறார். டிசம்பர் 19 அன்று, பிரச்சினை தீர்ந்துவிட்டது, புகாரைத் தொடர விரும்பவில்லை என்று எழுதிக் கொடுத்தார். புகார் முடித்துவைக்கப்பட்டது.

ஃப்ரிட்ஜைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அது என் அனுபவத்துக்கு வெளியே இருப்பது. ஆனால் அந்த நவம்பர் 23க்கும் டிசம்பர் 19க்கும் இடைப்பட்ட இருபத்தாறு நாட்களை நான் நன்றாக அறிவேன். வாரத்துக்கு ஒருவராவது அந்த நாட்களுக்குள் நின்றுகொண்டுதான் என் அறைக்கு வருகிறார்கள்.

அந்த நாட்களில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் இரண்டு நாள் கணவர் வரமாட்டார். மூன்றாம் நாள் அவருடைய அம்மா வருவார். "ஒரு தடவ மன்னிச்சு விடு சாமி, அவன் சாப்பிடக்கூட மாட்டேங்கறான்" என்பார். பிறகு அவர் வருவார், அழுவார், காலில்கூட விழுவார். அந்த அழுகை பெரும்பாலும் பொய்யல்ல. அதனால்தான் அது வேலை செய்கிறது. இதற்கிடையில் குழந்தைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் தேதி வரும். பிறந்த வீட்டில் அண்ணி முகம் மாறும். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், "எத்தன நாளைக்கும்மா லீவு?" என்பார். ஸ்டேஷனிலிருந்து, "வந்து என்னன்னு முடிவு சொல்லிட்டுப் போயிருங்க" என்று போன் வரும். அங்கே ஒரு வெள்ளைத்தாள் இருக்கும். "நாங்கள் இருவரும் சமாதானமாகச் சேர்ந்து வாழ முடிவு செய்துள்ளோம், எனவே என் மனுவின் மீது மேல்நடவடிக்கை எதுவும் தேவையில்லை" என்ற வாசகம் எங்கேயும் ஒன்றுதான். இப்படிப்பட்ட தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பல தாள்களில் எழுத்து அந்தப் பெண்ணுடையது அல்ல. கையெழுத்து மட்டும் அவருடையது. ஒன்றில், "என் கணவர் என்னை அடித்ததாக நான் தவறுதலாகப் புரிந்துகொண்டு மனு கொடுத்துவிட்டேன்" என்றிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அப்போது மேல்வரிசைப் பல் ஒன்று இல்லை.

இதைப் பார்த்துப் பொதுமக்கள் சொல்வது, "அவளே எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் யார் என்ன செய்ய முடியும்?" என்பதுதான். டெல்லி வழக்கிலும் அதைத்தான் சொன்னார்கள். செய்ய முடியும். கொல்ல முயன்றார் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட குற்றத்தைச் சொல்லும் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. குடும்பத் தகராறுகளில் பதிவு செய்வதற்கு முன் விசாரித்துப் பார்க்கலாம் என்று அந்தத் தீர்ப்பு விலக்கு ஒன்றைத் தந்திருப்பது உண்மை. ஆனால் குழம்பில் உப்பில்லை என்று வந்த சண்டையையும், மூச்சு நிற்கும்வரை கழுத்தை நெரித்ததையும் ஒரே கட்டில் கட்டி, குடும்பத் தகராறு என்று பெயர் எழுதுவதற்கு அந்த விலக்கு தரப்படவில்லை. அதுவுமன்றி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 5ஆம் பிரிவு, புகாரைப் பெறும் காவலருக்கு ஒரு கடமையை வைத்திருக்கிறது. பாதுகாப்பு ஆணை கேட்டு நீதிமன்றம் போகலாம், மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவசச் சட்ட உதவி உண்டு என்றெல்லாம் அந்தப் பெண்ணிடம் அவர் சொல்லியாக வேண்டும். எங்களிடம் வரும் பெண்களிடம் "ஸ்டேஷன்ல இதெல்லாம் சொன்னாங்களா?" என்று கேட்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். சொன்னார்கள் என்று பதில் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

திருமணம் ஆகாதவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்ற எண்ணம் வழக்கறிஞர்கள் சிலரிடம்கூட இருக்கிறது. சட்டத்திலேயே, திருமணத்தின் தன்மையுடைய உறவு என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது. அது எதைக் குறிக்கும் என்பதை 2010இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது, கோவைக் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு ஜீவனாம்ச வழக்கில்தான். திருமண வயது வந்த, திருமணம் செய்துகொள்ளத் தடை ஏதும் இல்லாத இருவர், கணவன் மனைவியைப் போலவே ஊரறியக் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருந்தால் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. "கல்யாணமே பண்ணாம வந்து புகார் குடுக்கறியா?" என்று யாரும் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்ப முடியாது.

இனிக் கழுத்தைப் பற்றி. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கும் ஆண்கள் எல்லோரும் கொல்வதில்லை. யார் கொல்லக்கூடும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்க உதவும் அறிகுறிகள் இருக்கின்றன. அமெரிக்கச் செவிலியர் பேராசிரியர் ஜாக்குலின் காம்ப்பெல் 1980களிலேயே இதற்கென ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். ஆபத்தை அளக்க இன்றும் பல நாடுகளில் அது பயன்படுகிறது. கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல், அடி நாளுக்கு நாள் கூடுதல், எங்கே போகிறாள் யாரோடு பேசுகிறாள் என்று ஓயாமல் கண்காணித்தல், இவற்றோடு கழுத்தை நெரித்திருக்கிறாரா என்பதும் அதில் ஒரு கேள்வி. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, துணைவரால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னாளில் அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று காட்டியது. இங்கிலாந்தில் உயிர்போகாத கழுத்து நெரிப்பை 2022 ஜூன் முதல் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டார்கள்.

நம் ஊரில் இதை யாரும் இந்தப் பெயரில் சொல்வதில்லை. "கழுத்தப் புடிச்சாருங்க" என்பார்கள், சட்டையைப் பிடித்தார் என்று சொல்வதைப் போல. கன்னத்தில் விழுந்த அறையை விவரமாகச் சொல்லிவிட்டு இதைக் கடைசியில் சேர்ப்பார்கள்; சிலர் நான் கேட்டால்தான் சொல்வார்கள். அதனால் நான் எல்லோரிடமும் கேட்கிறேன். கை வைத்தாரா, துணியா, முழங்கையா? கண் இருட்டிக்கொண்டு வந்ததா? நினைவு தப்பியதா? அறியாமல் சிறுநீர் போய்விட்டதா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்று சொல்லும் பெண், மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பியவர். அதை அவர் தன்னுடைய அவமானமாக நினைத்து ஒளித்துவைத்திருப்பார். பல நேரம் வெளியே ஒரு தடமும் தெரியாது. குரல் கம்முதல், எச்சில் விழுங்க வலித்தல், கண் வெள்ளையில் குண்டூசி முனையளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாட்கள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். ஆகவே அரசு மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும். வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்லாமல், யார் என்ன செய்தார் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருத்துவர் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏஆர் காப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்த ஒரு பக்கம், புகாரை வாபஸ் வாங்கி இரண்டு ஆண்டு கழித்தும் மருத்துவமனையில் இருக்கும்.

அந்த மகளின் கணவரை நாங்கள் தனியாக அழைத்துப் பேசினோம். தனியாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த முதல் சில ஆண்டுகள், அடித்தவரையும் அடிவாங்கியவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கேட்டு, இரண்டு பக்கமும் அறிவுரை சொல்லி அனுப்பியவள்தான் நானும். அப்படி உட்காரவைக்கப்பட்ட பெண், அன்று மாலை வீட்டில் என்ன விலை கொடுத்தார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. இப்போது கழுத்தில் கைவைத்தார் என்று தெரிந்துவிட்டால் சேர்த்து உட்காரவைப்பதே இல்லை. நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனையில், அடித்ததற்கு நியாயம் சொல்ல எதிர்த்தரப்பை அனுமதிக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. அந்தக் கணவர் படித்தவர், மரியாதையாகப் பேசினார். கழுத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் சொன்ன பதில் இது: "கோவத்துல கைய வெச்சுட்டனுங்க மேடம். அதுக்காக நான் என்ன அந்த டெல்லிக்காரன் மாதிரியாங்க?"

தாய் எந்தச் செய்தியால் ஆறுதல் அடைந்தாரோ, அதே செய்தியால் இவரும் ஆறுதல் அடைந்திருந்தார். அந்தப் பெண் போல என் மகள் இல்லை என்று தாயும், அந்த ஆண் போல நான் இல்லை என்று மருமகனும் ஒரே திரையைப் பார்த்து முடிவுக்கு வந்திருந்தார்கள். கொலையாளியை அரக்கனாகவும் கொலையுண்டவரை வழிதவறியவராகவும் காட்டக் காட்ட, இடையில் இருக்கும் கோடிக்கணக்கான வீடுகளுக்கு அந்தச் செய்தியோடு எந்த உறவும் இல்லாமல் போய்விடுகிறது. அந்த வீடுகளின் கணக்கு இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு 29.3 பேர், தமிழ்நாட்டில் 38.1 பேர். இவர்கள் பெரும்பாலும் பெற்றவர்கள் பார்த்துக் கட்டிவைத்த பெண்கள். அதே ஆய்வில், உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே எங்காவது உதவி கேட்டிருக்கிறார்கள். 77 பேர் யாரிடமும் சொல்லவே இல்லை. உலக அளவில், 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 48,800 பெண்களும் சிறுமிகளும் தங்கள் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டதாக ஐக்கிய நாடுகள் அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது.

யாரிடமும் சொல்லாத அந்த 77 பேரும் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வீட்டில் தொலைக்காட்சி ஓடும்போது சமையலறையில் இருப்பவர் அவர்தான். "இவளுக்கு வேணும்", "வாய் அதிகமா இருந்திருக்கும்", "ஒரு கை தட்டினா ஓசை வருமா" என்று கணவரும் மாமியாரும் சில நேரம் பெற்ற தாயும் சொல்வதைக் கேட்டு, நாளைக்குத் தனக்கு ஒன்று நடந்தால் தன்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பதை அவர் தெரிந்துகொள்கிறார். அந்த நவம்பர் மாதத்தில் எங்களிடம் தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண் வருவதை நிறுத்திவிட்டார். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர். நான்காண்டுகளாகப் பிறந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை. அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லலாம் என்று அந்த வாரம்தான் மனதைத் திடப்படுத்தியிருந்தார். போனில் அவரைப் பிடித்தபோது, "இப்ப போயி சொன்னா, நாங்க அன்னிக்கே சொன்னமில்லன்னுதான் மேடம் கேப்பாங்க. டிவியில போற பொண்ணுக்கே அதத்தான் சொல்றாங்க, எனக்குச் சொல்ல மாட்டாங்களா?" என்றார். டெல்லியில் இறந்த பெண்ணும், அடி வாங்குவதைத் தாயிடமும் தாய் இறந்தபின் தந்தையிடமும் ஒரு கட்டத்தில் சொன்னவர்தான். அந்த ஆண் மன்னிப்புக் கேட்டதும் திரும்பிப் போனார் என்று தந்தை தன் புகாரில் சொல்லியிருக்கிறார். திரும்பிப் போன பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. மே மாதம் போன உயிரை நவம்பரில்தான் குடும்பம் அறிந்தது. அந்தத் தந்தையைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கோபித்துக்கொண்டிருக்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன்: அந்த மருமகனை ஏற்கவே வேண்டாம், மகளுக்கு மட்டும் வாரம் ஒருமுறை போன் செய்யுங்கள். அவர் போனை எடுக்காத வாரம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

தூக்கில் போட வேண்டும் என்ற கோபத்தையும் நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் என் அறைக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் கணவர் சிறைக்குப் போக வேண்டும் என்று கேட்டு வருவதில்லை. அடி நிற்க வேண்டும், பிள்ளைகளோடு அதே வீட்டில் இருக்க வேண்டும், செலவுக்குப் பணம் வர வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் அதற்காகவே எழுதப்பட்டது. நெருங்கக் கூடாது, அடிக்கக் கூடாது என்று பாதுகாப்பு ஆணை வாங்கலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும் அந்தப் பெண் குடியிருக்கும் உரிமையைக் காக்கும் ஆணை வாங்கலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் ஓராண்டுவரை சிறை. புகார் என்றாலே சிறை, வழக்கு என்றாலே தூக்கு என்று ஊர் பேசிக்கொண்டிருந்தால், பிள்ளைகளின் அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பியவள் என்ற பெயருக்குப் பயந்தே ஒரு பெண் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வழி இருக்கிறது. குடும்ப வன்முறை நடக்கிறது, நடக்கப்போகிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம்; நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது எந்த வழக்கும் வராது என்று சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே என்றால் 112. அதுவும் முடியாது என்றால் சர்க்கரை கேட்பதைப் போலக் கதவைத் தட்டுங்கள். அந்த நேரத்துக்கு அது போதும். ஆனால் "உடனே கிளம்பி வந்துரு" என்று மட்டும் அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். ஒரு பெண் பிரிந்து போகப்போகிறாள் என்று ஆணுக்குத் தெரியும் நாளும் அதை அடுத்த வாரங்களும்தான் மிகவும் ஆபத்தானவை. ஆதார், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கொஞ்சம் பணம், ஒரு மாற்றுச் சாவி ஆகியவை முன்கூட்டியே நம்பகமான ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கிளம்பும் நாளை வாட்ஸ்அப்பில் எழுதக் கூடாது.

துப்பட்டா சுற்றி வந்த அந்த மகளுக்கு ஏஆர் காப்பி வாங்கினோம். பாதுகாப்பு அலுவலர் நடந்த எல்லாவற்றையும் எழுதி அறிக்கை தயாரித்தார். அடுத்த மூன்றாவது வாரம் அந்த மகள் வந்து, நீதிமன்றத்துக்குப் போக வேண்டாம், கணவர் வீட்டுக்குத் திரும்பப் போகிறேன் என்றார். தாய் வெளியே காத்திருந்தார். இந்த முறை திரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாதம் செய்யவில்லை. வாபஸ் வாங்க வந்தபோது கோபித்துக்கொண்டு அனுப்பிய பெண்கள் அடுத்தமுறை எங்களிடம் வருவதில்லை என்பதைப் பட்டுத்தான் கற்றேன். எப்போது வேண்டுமானாலும் வரலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம் என்று சொன்னேன். எங்கள் எண்ணை, அவர் கைபேசியில் தையல்காரர் என்ற பெயரில் பதிந்துகொண்டார். கோப்பின் மேல் அன்றைய தேதியைப் போட்டு, அதே அலமாரியில் வைத்தேன்.

அதன்பின் ஒன்பது மாதம் கழித்து, ஒரு மழைநாள் காலையில், மையம் திறப்பதற்கு முன்பே அவர் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை, பக்கத்தில் தாய். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். குரல் கம்மியிருந்ததால் முதலில் எனக்குப் புரியவில்லை. கிட்டே போனதும் மறுபடியும் கேட்டார்.

"என்ற ஃபைல் இன்னும் இருக்குங்களா மேடம்?"

இருந்தது.